பெண்கள் வேலைக்குப் போகும் ஊர், போகாத ஊர்: என் பழைய கட்டுரைக்கு நானே எழுதும் மறுப்பு

இரண்டு வருடம் முன்னால் இங்கே ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். "கோதுமை விளையும் வடக்கில் பெண்கள் ஏன் வேலைக்குப் போவதில்லை?" என்று தலைப்பு. கூடவே ஓர் இந்திய வரைபடம்: பெண்கள் அதிகம் வேலை செய்யும் மாநிலங்கள் பச்சை, குறைவான மாநிலங்கள் சிவப்பு. நான் இதுவரை எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். ஒருநாள் வாட்ஸப் குரூப் ஒன்றில் என் பெயர் இல்லாமல் எனக்கே திரும்பி வந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அதில் நான் சொன்ன வாதம் இது. ஏர் பிடிக்க ஆணின் உடல்பலம் வேண்டும். ஏர் வந்த இடங்களில் வயல் ஆணுக்கு, வீடு பெண்ணுக்கு என்று பிரிந்துவிட்டது. கோதுமை ஏருக்கு ஏற்ற பயிர், நெல் பெண்களின் கையைக் கேட்கும் பயிர். ஆகவே பஞ்சாபிலும் ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் பெண்கள் வீட்டுக்குள், தமிழ்நாட்டில் வெளியே. நாலு வரியில் கதை முடிந்தது. இவ்வளவு சுலபமாக முடிந்ததே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆபீசில் ஒரு பக் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டால் நான் நம்பவே மாட்டேன், வேறு டேட்டா கொடுத்துத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். இங்கே அதைச் செய்யவில்லை.

திரும்ப ஓட்டிப் பார்க்க வைத்தது என் அம்மா. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, என் தங்கை அந்தக் கட்டுரையை மொபைலில் எழுத்தைப் பெரிசாக்கி அம்மாவிடம் கொடுத்திருக்கிறாள். அம்மா முழுசாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏங் கண்ணு, நம்மூருப் பொம்பளைங்க எல்லாம் வேலைக்குப் போறாங்கன்னு போட்டிருக்குற. நானென்ன வேலைக்காப் போனேன்? ஊட்டுலதான இருந்தேன்?"

எங்கள் ஊர் திருச்செங்கோடு பக்கம். வீட்டை ஒட்டிய ஷெட்டில் நாலு விசைத்தறி, கொட்டகையில் இரண்டு எருமை. அம்மா விடியற்காலை நாலரைக்கு எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தால், பிறகு சமையல், பிறகு தறிக்குத் தார் சுற்றுவது, எருமைக்குத் தட்டு போடுவது, சாயங்காலம் திரும்பப் பால். ராத்திரி ஷிப்ட்டில் ஓட்டும் ஆள் வராவிட்டால் தறியையும் பார்த்துக்கொள்வார். இந்த மனுஷிதான் "ஊட்டுலதான இருந்தேன்" என்கிறார். இன்னொன்றும் அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. பி.இ. விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் 'ஹவுஸ் ஒய்ஃப்' என்று என் கையெழுத்தில் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாரும் சொல்லி எழுதவில்லை. யோசிக்கக்கூட இல்லை.

சரி, ஏரிலிருந்து ஆரம்பிப்போம்.

இந்த வாதத்தின் மூலம் எஸ்தர் போசெரப். டென்மார்க் பொருளியலாளர், 1950களின் பிற்பகுதியில் சில வருடம் இந்தியாவில் இருந்து வேலை பார்த்தவர். பொருளாதார வளர்ச்சியில் பெண்களின் பங்கு பற்றிய அவருடைய புத்தகம் 1970ல் வந்தது. முதல் கட்டுரை எழுதும்போது நான் அதைப் படித்திருக்கவில்லை, மற்றவர்கள் எழுதிய சுருக்கங்களைத்தான் படித்திருந்தேன். பிறகு படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. சுருக்கங்களில் இரண்டு வகைதான் வரும்: காட்டை எரித்து இடம் மாறி மாறி, கொத்துக்கருவியால் செய்யும் சாகுபடியில் பெண்கள் அதிகம், ஏர் உழவில் ஆண்கள் அதிகம். புத்தகத்தில் மூன்றாவதும் இருக்கிறது. நீர்ப்பாசனத்தோடு நெருக்கமாகச் சாகுபடி செய்யும் இடங்களில் ஆணும் பெண்ணும் இருவருமே கடுமையாக உழைக்க வேண்டியிருக்கிறது என்கிறார். அதாவது நம்ம நெல்வயல். அங்கே ஏரும் உண்டு, பெண்களும் உண்டு. நிலமுள்ள வீட்டுப் பெண் வயலை விட்டு விலகுவதற்குக் கூலிக்கு ஆள் கிடைப்பது ஒரு காரணம் என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. இதற்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

இரண்டாவது மூலம், ஆல்பெர்ட்டோ அலெசினா, பாவ்லா ஜூலியானோ, நேதன் நன் மூவரும் 2013ல் வெளியிட்ட ஆய்வு. இதை நான் இன்றும் மதிக்கிறேன். மானிடவியலாளர் மர்டாக் தொகுத்த இனக்குழு அட்டவணையிலிருந்து, எந்தச் சமூகங்கள் பழைய காலத்தில் ஏர் உழுதன என்று எடுத்துக்கொண்டு, அவர்களுடைய இன்றைய சந்ததியினரிடம் பெண்கள் வேலைக்குப் போவது எவ்வளவு என்று ஒப்பிட்டார்கள். ஏர் உழுத வம்சங்களில் குறைவு. பணக்கார சமூகங்கள் ஏரை வாங்கிக்கொண்டிருக்கலாமே, காரணம் வேறாக இருக்கலாமே என்ற சந்தேகத்துக்கும் பதில் வைத்திருந்தார்கள்: கோதுமை, பார்லிக்கு ஏற்ற நிலம் எங்கே, கம்பு, சோளத்துக்கு ஏற்ற நிலம் எங்கே என்று மண்ணையும் மழையையும் வைத்துப் பார்த்தாலும் அதே விடை வருகிறது. வெளிநாட்டில் குடியேறியவர்களின் பிள்ளைகளிடம்கூட அந்தச் சாயல் தெரிகிறது என்று காட்டினார்கள். ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ் வளர்ந்தவர்கள். பழக்கம் வயலை விட்டு வந்தபிறகும் கூடவே வருகிறது என்பதற்கு இது வலுவான சான்றுதான்.

ஆனால் அந்த ஆய்வு நாட்டையும் நாட்டையும் ஒப்பிடுகிறது. நாடுகளை வரிசைப்படுத்தும் அதன் கணக்கில் இந்தியா ஒரே ஒரு புள்ளி. அதை எடுத்து இந்தியாவுக்குள் பஞ்சாபையும் தமிழ்நாட்டையும் பிரித்துக் காட்டியது நான். உங்களுக்கு வந்த வாட்ஸப் படமும் அதைத்தான் செய்கிறது. குற்றம் ஆய்வின் மேல் இல்லை, அதைத் தமிழில் சொல்ல வந்த என்னைப் போன்ற ஆட்களின் மேல்.

ஏனென்றால் இந்தியாவின் சமவெளிகளில் எங்கே ஏர் இல்லை? காவிரிப் படுகையில் ஏர் உழவில்லையா? திருக்குறளில் உழவுக்கென்று தனி அதிகாரமே இருக்கிறது. ஹரியானா விவசாயியும் மாட்டைப் பூட்டித்தான் உழுதார், தஞ்சாவூர் விவசாயியும் மாட்டைப் பூட்டித்தான் உழுதார், இரண்டு ஊரிலும் ஏர் பிடித்தவர் ஆண். எல்லா வரிசையிலும் ஒரே மதிப்பு இருக்கும் ஒரு காலத்தை எக்ஸெல்லில் வைத்துக்கொண்டு, பக்கத்துக் காலம் ஏன் ஏறி இறங்குகிறது என்று விளக்க முடியாது. இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை.

உடனே நண்பர் ஒருவர் சொன்னார், "ஏரை விடுய்யா, நெல்லைப் பிடி. நடவும் களையெடுப்பும் பெண்கள் வேலை, அதனால் தெற்கு." நானும் அப்படித்தான் நினைத்தேன், மேற்கு வங்கத்தைப் பார்க்கும் வரை. நெல்லுக்குப் பேர்போன மாநிலம். ஆனால் பெண்கள் பங்கேற்பில் நீண்ட காலமாக இந்திய சராசரிக்குக் கீழேயே இருந்து வந்தது. நம்ம ஊரில் நடவு என்றாலே வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்கள்தான் கண்ணில் வருவார்கள். வங்காளத்தின் பல பகுதிகளில் நாற்று நடுவது ஆண்கள். பெண்கள் நட்டால் பெரும்பாலும் சந்தால் போன்ற பழங்குடிப் பெண்கள். ஒரே பயிர், ஒரே நாற்று, ஒரே சேறு. நாற்றைப் பிடிக்க எந்தப் பாலின விரல் வேண்டும் என்று நெல் சொல்வதில்லை.

எதிர்ப்பக்கத்தில் இமாச்சலப் பிரதேசம். நெல் நாடு கிடையாது, தென்னகமும் கிடையாது. ஆனால் பெண்கள் பங்கேற்புப் பட்டியலில் வருடா வருடம் உச்சியில் நிற்கும் மாநிலங்களில் ஒன்று. பக்கத்தில் ஹரியானா அடிப்பக்கம். என் பழைய வரைபடத்தில் இமாச்சலம் பளிச்சென்று பச்சையாகத்தான் இருந்தது. அதைப் பற்றி ஒரு வரி எழுதாமல் தாண்டிப் போயிருக்கிறேன். இது எனக்கே இப்போது கோபம் வரும் விஷயம். வாதத்துக்கு ஒத்து வராத புள்ளியைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

இந்த வரிசை ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது எலியானா கரான்சா 2014ல் வெளியிட்டது. அவர் இந்தியாவுக்குள்ளேயே மாவட்டத்தோடு மாவட்டத்தை ஒப்பிட்டார். வண்டல் கலந்த பொலபொல மண்ணில் ஆழமாக உழ முடியும், களிமண்ணில் முடியாது. ஆழ உழுதால் களையெடுப்பு, நடவு மாதிரிப் பெண்கள் செய்யும் வேலைகளுக்குத் தேவை குறைகிறது. அப்படிப்பட்ட மாவட்டங்களில் வயலில் பெண்களின் பங்கும் குறைவு, பிறக்கும், பிழைக்கும் பெண் குழந்தைகளின் விகிதமும் மோசம். படித்தபோது என் வாதத்துக்கு இன்னொரு ஆதரவு என்றுதான் குறித்துக்கொண்டேன். இப்போது படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. இதில் 'பண்பாடு' முதல் காரணமே இல்லை. அந்த மண்ணில் பெண்ணுக்கு வேலை இருந்ததா என்பதுதான் கேள்வி. வேலை இல்லாத இடத்தில் அவள் மதிப்பு குறைகிறது, பிறகு அதற்குப் பண்பாடு என்று பெயர் வருகிறது.

வேலை இருந்தால் பெண்கள் வருவார்களா என்று பார்க்க நம்மிடம் பெரிய சோதனை ஒன்று நடந்திருக்கிறது. 2005ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வந்த நூறு நாள் வேலை. ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. தமிழ்நாட்டில் வேலை நாட்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள், கேரளத்தில் அதைவிட அதிகம். இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் ராஜஸ்தானைப் பாருங்கள். முக்காட்டை முகம் வரை இழுத்துவிடும் மாநிலம் என்று நாமே சொல்லிக்கொண்டிருப்போம். அங்கே 60 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். முக்காட்டோடு வந்து மண் வெட்டினார்கள். உத்தரப் பிரதேசத்தில் அந்த அளவு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முக்காடு இரண்டு இடத்திலும் இருக்கிறது, ஆகவே காரணத்தை அதில் மட்டும் தேடிப் பிரயோஜனம் இல்லை.

வங்காளத்துக்குத் திரும்பினால், எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதை. பெண்கள் வயலுக்கே போகாத வங்கதேசத்தில் 1980களில் ஆயத்த ஆடைத் தொழில் வளர ஆரம்பித்தது. ஒரு தலைமுறைக்குள் லட்சக்கணக்கான பெண்கள் டாக்காவின் தொழிற்சாலைகளுக்கு நடந்து போனார்கள். மதமோ மொழியோ மாறவில்லை.

இதுவரை சொன்னது வேலை இருக்கிறதா என்பது பற்றி. என் வரைபடத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. வேலை செய்தால் எண்ணுகிறார்களா?

பி.எல்.எஃப்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தொழிலாளர் ஆய்வில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குறியீடு உண்டு. 11 என்றால் சொந்தத் தொழில். 21 என்றால் குடும்பத் தொழிலில் கூலியில்லாத உதவியாள். 31 மாதச் சம்பளம். 51 தினக்கூலி. 92 வீட்டு வேலை மட்டும். 93 என்றால் வீட்டு வேலையோடு விறகு, மாட்டுத்தழை சேகரிப்பது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது போன்றவை. 11 முதல் 51 வரை இருந்தால் தொழிலாளர். 92, 93 என்றால் தொழிலாளர் படையிலேயே இல்லை. தேசத்தின் விழுக்காடு முழுவதும் இந்த ஒரு கோட்டில் நிற்கிறது.

இப்போது என் அம்மாவை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? தார் சுற்றினார், 21. பால் ஊற்றினார், விற்பனைக்கு, அதுவும் 21 அல்லது 11. வருடத்தில் 30 நாள் உபரியாக ஒரு வேலை செய்தாலே வழக்கமான நிலைக் கணக்கில் தொழிலாளர் ஆகிவிடலாம். அம்மா 365 நாள் செய்தார். விதிப்படி சந்தேகமே இல்லை. ஆனால் கணக்கெடுப்பவர் வாசலில் வந்து நின்றால் பதில் சொல்வது அப்பா. "அவங்க ஊட்டுல சும்மாதானுங்க இருக்கறாங்க." அப்பா பொய் சொல்கிறவர் இல்லை. அம்மாவையே கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார், பொங்கலன்று என்னிடமே சொன்னாரே. கணக்கெடுப்பவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் 21, கேட்காவிட்டால் 92. சொசைட்டி அட்டை யார் பேரில் இருந்தது என்று போனில் கேட்டேன். "அட்டை உங்கப்பா பேருலதான். பாலு நாந்தான் ஊத்துவேன், பட்டுவாடா அன்னைக்கிக் காசு வாங்கறதும் நாந்தான்."

விதி எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2011-12 வரை நடந்த பெரிய வேலைவாய்ப்புச் சுற்றுகளில், 92, 93 என்று குறிக்கப்பட்ட பெண்களிடம் மட்டும் தனியாகக் கேட்கும் கேள்விப் பட்டியல் ஒன்று இருந்தது. வீட்டுத் தோட்டம் பார்க்கிறீர்களா, கோழி, கறவை மாடு பார்க்கிறீர்களா, நெல் குத்துகிறீர்களா, வரட்டி தட்டுகிறீர்களா, வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறீர்களா என்று போகும். வேலை செய்யாதவர் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் என்னென்ன வேலை செய்கிறார் என்று கேட்கும் படிவம். படித்தபோது சிரிப்பு வந்தது. புரோகிராமில் நாங்கள் எக்ஸெப்ஷன் என்று ஒதுக்கிவிட்டு, அதற்குள் பாதி லாஜிக்கை எழுதி வைப்போமே, அதே மாதிரி.

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் எருமை இல்லாத விவசாய வீடு அபூர்வம். அந்த எருமையைப் பார்த்துக்கொள்வது யார்? தீவனம் வெட்டி, சாணி அள்ளி, பால் கறப்பது பெரும்பாலும் பெண்கள். அங்கே அவள் 92. இமாச்சலத்தில் அதே மாதிரி மாட்டைப் பார்க்கும் பெண் 21. ஆண்கள் ராணுவத்துக்கும் அரசு வேலைக்கும் சமவெளி நகரங்களுக்கும் போய்விட்டதால் நிலம் அவள் கையில் இருக்கிறது, அவளை விவசாயி என்று சொல்ல ஊருக்குக் கூச்சம் இல்லை. இரண்டு மாநிலத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். இமாச்சலத்துப் பெண்கள் உண்மையிலேயே நிலத்தில் அதிகம் வேலை செய்கிறார்கள். ஆனால் என் வரைபடத்தின் பச்சையும் சிவப்பும் உழைப்பின் அளவைக் காட்டியதாக நான் எழுதியது தப்பு. பாதிக்குப் பாதி அது பெயர் சூட்டலின் வரைபடம்.

இதற்குச் சாட்சி பீகார். 2017-18ல் அங்கே 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு 4 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. நூறில் நாலு பேர்! ஆறே வருடத்தில் அது பல மடங்கு ஆகிவிட்டது. ஏர் வந்த காலம் முதல் ஊறிப்போன பழக்கம் என்று நான் எழுதியது ஆறு வருடத்தில் எப்படி மாறும்? கஷ்டத்தில் நிஜமாகவே நிறையப் பெண்கள் வயலுக்கு இறங்கியிருக்கலாம், கேட்ட விதம் மாறியிருக்கலாம், இரண்டும் சேர்ந்திருக்கலாம். பண்பாடு மட்டும் அந்த வேகத்தில் மாறாது.

நாடு முழுவதற்கும் இதே கதைதான். பெண்கள் பங்கேற்பு 2017-18ல் 23.3 விழுக்காடு, 2023-24ல் 41.7. தலைப்புச் செய்தி இத்தோடு நின்றுவிடும். நான் அடுத்த அட்டவணைக்குப் போனேன். வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் என்று எண்ணப்படுபவர்கள் 51.9 விழுக்காட்டிலிருந்து 67.4 ஆனார்கள், கூலியில்லாத உதவியாட்களும் இதற்குள்தான். மாதச் சம்பளம் 21.0லிருந்து 15.9 ஆக இறங்கியது. இதைப் பங்காக வைத்துப் பேசினால் குழப்பமாக இருக்கும், ஆட்களாக மாற்றிப் பார்க்கலாம். நூறு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-18ல் வேலையில் இருந்தவர்கள் 22 பேர். அதில் சுயதொழில் 11.4, சம்பளம் 4.6, தினக்கூலி 5.9. 2023-24ல் வேலையில் 40.3 பேர். அதில் சுயதொழில் 27.2, சம்பளம் 6.4, தினக்கூலி 6.7. தோராயமான கணக்குதான், கால்குலேட்டரில் நீங்களும் போட்டுப் பார்க்கலாம். கூடுதலாக வந்த 18 பேரில் கிட்டத்தட்ட 16 பேர் சுயதொழில் கட்டத்தில். என் அம்மா மாதிரிப் பெண்கள் 92லிருந்து 21க்கு மாறிய கூட்டம் இதில் எவ்வளவு என்பதுதான் உண்மையான கேள்வி. சம்பளக் கவரோடு வீடு திரும்பும் பெண்கள் நூறுக்கு இரண்டு பேர்கூடக் கூடவில்லை.

ஆகவே ஒரு வரைபடம் போதாது. சம்பளம் கொடுக்கும் தொழிற்சாலை வேலையை மட்டும் தனியாக எடுத்தால் படமே மாறிவிடுகிறது. 2019-20 தொழிற்சாலைகள் ஆண்டாய்வின்படி நாடு முழுவதும் தொழிற்சாலைகளில் இருந்த பெண் தொழிலாளர்கள் சுமார் 15.8 லட்சம். அதில் சுமார் 6.8 லட்சம் பேர், 43 விழுக்காடு, தமிழ்நாட்டில். இந்த வரைபடத்தில் இமாச்சலம் கண்ணுக்கே தெரியாது. திருப்பூர் பனியன், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையின் தோலும் ஷூவும், சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு, ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ். நாம் பெருமைப்பட வேண்டியது இந்தப் படத்தைப் பார்த்து, என் பழைய படத்தைப் பார்த்து இல்லை. இது பெருமையா என்பதும் நிதானமாகக் கேட்க வேண்டிய கேள்வி. கொங்குப் பகுதியிலும் திண்டுக்கல் பக்கத்திலும் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் தருவதாகச் சொல்லி, பதினாறு பதினேழு வயதுப் பெண்களை மூன்று வருடம் ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கினார்களே, அந்தப் பெண்களும் பச்சை நிறத்துக்குள்தான் இருந்தார்கள்.

சாதியைப் பற்றி என் பழைய கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. 'தமிழ்ப் பெண்' என்று எழுதினேன். தஞ்சைப் பகுதியில் சேற்றில் இறங்கி நாற்று நட்ட 'தமிழ்ப் பெண்' யார்? பெரும்பாலும் நிலமற்ற தலித் பெண்கள். நிலம் வைத்திருந்த சாதிகளின் பெண்கள் வரப்பில்கூட நிற்கவில்லை. போசெரப் சொன்ன 'கூலிக்கு ஆள் கிடைப்பது' என்பதன் அர்த்தம் இங்கே இதுதான். எங்கள் வீட்டில் என் பாட்டி சொந்தக் காட்டில் களை வெட்டினார், கடலைக்காய் பிடுங்கினார். ஆனால் அடுத்தவர் காட்டுக்குக் கூலிக்குப் போனதில்லை, போகவும் விட மாட்டார்கள். அம்மா காலத்தில் தறி வந்ததும் காட்டுக்கும் போக வேண்டியதில்லை என்று ஆனது. அதைக் குடும்பம் ஒரு படி ஏறியதாகத்தான் நினைத்தது. எம்.என். ஸ்ரீனிவாஸ் இதை எப்போதோ எழுதிவிட்டார்: ஒரு சாதி மேலே ஏறும்போது முதலில் தன் பெண்களை வெளிவேலையிலிருந்து இழுத்துக்கொள்கிறது. வடக்கில் மட்டும் நடக்கிற விஷயம் என்று நான் நினைத்தது என் வீட்டுத் திண்ணையில் நடந்திருக்கிறது.

படித்தால் சரியாகிவிடும் என்பதும் தெரியவில்லை. 2023-24ல் கிராமப் பெண்களின் பங்கேற்பு 47.6 விழுக்காடு, நகரத்தில் 28.0. என் மனைவியும் பி.இ.தான், என்னைவிட நல்ல மார்க். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு ஆறு வருடம் அவள் 92. 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒரு நாளில் வீட்டு வேலையில் கை வைத்த பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிட்டதாகச் சொல்கிறது. இதில் கவனிக்க வேண்டியது 'கை வைத்த' என்பது. பெண்களில் 81.2 விழுக்காட்டினர் கை வைத்தார்கள், ஆண்களில் 26.1. அந்த ஆறு வருடமும் நான் எந்தப் பக்கம் இருந்தேன் என்று மனைவியைக் கேட்டேன். பதிலை இங்கே எழுதப் போவதில்லை. கர்நாடகத்தில் உட்கார்ந்துகொண்டு ஹரியானாக்காரர்களின் பண்பாட்டைப் பற்றி இரண்டாயிரம் வார்த்தை எழுதியவன் நான் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இதனால் பண்பாடே கிடையாது, எல்லாம் வேலைவாய்ப்பும் படிவமும்தான் என்று எதிர்ப்பக்கம் சாயவும் எனக்கு மனசில்லை. குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பற்றிய அந்த முடிவு இன்னும் நிற்கிறது. உத்தரப் பிரதேசத்துக்கும் ராஜஸ்தானுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை என்னால் முழுசாக விளக்க முடியவில்லை. ஆனால் பண்பாடு என்று சொல்லும் முன் மற்ற எல்லாவற்றையும் கழித்துவிட்டு மீதியைத்தான் அந்தக் கணக்கில் எழுத வேண்டும். நான் மொத்தத்தையும் முதல் வரியிலேயே அதில் எழுதினேன்.

பழைய கட்டுரையை நீக்கவில்லை. வரைபடத்தை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்று இரண்டு வரியும் இந்தக் கட்டுரைக்கு இணைப்பும் போட்டிருக்கிறேன். அடுத்ததாக, பி.எல்.எஃப்.எஸ். தனிநபர்த் தரவுக் கோப்பை இறக்கி, மாநிலவாரியாக 21ஐத் தனியாகவும் 31ஐத் தனியாகவும் பிரித்து இரண்டு படம் போடலாம் என்று இருக்கிறேன். கோப்பின் அமைப்பு வருடத்துக்கு வருடம் மாறுகிறது, எடைக் காரணியைச் சரியாகப் பெருக்க வேண்டும், ஒரு மாதமாவது ஆகும். உங்களில் யாராவது கணக்கெடுப்பு வேலையில் களத்துக்குப் போனவர்கள் இருந்தால் ஒரு விஷயம் சொல்லுங்கள்: வாசலில் நின்று கேட்கும்போது, 92 எழுதும் முன் எருமையைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்கச் சொல்லிப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்களா?